ஜெனரேட்டருக்கு அரை மணி நேரம்

அண்ணாச்சி, நீங்க சன்னல் பக்கமே இருங்க. எனக்கு இந்த ஓரம் போதும். பஸ் நின்னா நான் எந்திரிச்சு ஏறுற ஆளுங்களை உள்ள தள்ளி விடணும், இல்லைன்னா எல்லாரும் படியிலேயே நிப்பாங்க. இல்ல, நான் கண்டக்டர் இல்ல. எங்க போனாலும் நாலு பேரை ஒழுங்குபடுத்தாம என்னால இருக்க முடியாது. பழக்கமாப் போச்சு.

பாளையங்கோட்டைக்குத்தான். பேராயரைப் பாக்கப் போறேன். பேராயர்னா எங்க ஐயர்மாருக்கெல்லாம் மேல இருக்க பெரியவர்னு வச்சுக்கோங்க. எங்க சபைக் குருவானவரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். உங்க நெத்தியில திருநீறைப் பாத்தா நீங்க எங்க வேதம் இல்லன்னு தெரியுது. அதுவும் நல்லதுக்குத்தான். எங்க ஆளா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பஸ் போய்ச் சேரும் முன்ன விஷயம் ஊருக்குப் போய்ச் சேந்திருக்கும்.

விஷயம் என்னன்னா, என் சம்சாரத்து மேல ஒரு புகார் சொல்லணும்.

சிரிக்காதீங்க. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. அவ யாரையும் அடிக்கல, வையல, சீட்டுப் போட்டு ஏமாத்தல. நல்லவ. தங்கநேசம்னு பேரு, பேருக்கு ஏத்த குணம். புகார் என்னன்னா, அவ ஜெபம் பண்ணுதா. அண்ணாச்சி, மறுபடியும் சிரிக்கிய. முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நியாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எங்க ஊரு சீலோபுரம். என் பேரு பொன்சிங் ஞானதுரை. எங்க ஊர்ல யார்ட்ட வேணும்னாலும் என் பேரைச் சொல்லிக் கேளுங்க, "கோயில்ல இருப்பாரு"ன்னு சொல்லுவாங்க. வீட்டுல இருப்பாருன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. என் சம்சாரமே சொல்ல மாட்டா. சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலர். கிறிஸ்மஸ் பஜனைக்கு லாரி புடிக்கது நான். கன்வென்ஷன் பந்தலுக்குக் கால் நடுறது நான். கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்டுறது, ஸ்பீக்கர் செட்டு, தண்ணி மோட்டார், எல்லாம் நான். அசனம்னு ஒண்ணு எங்க பக்கம் உண்டு, ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுற விருந்து, ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் போட்டு ஒரு குழம்பு வைப்போம் பாருங்க, அந்தக் குழம்புக்கு உப்புப் பாக்கது கூட நான்தான்.

ஞாயித்துக்கிழமை ஆராதனையில நான் உக்காந்து யாரும் பாத்திருக்க மாட்டாங்க. ஐயர் பிரசங்கத்துக்கு ஏறும்போது நான் பின்னால ஆம்ப்ளிஃபயர் பக்கம் நிப்பேன். சத்தம் சரியா வருதான்னு கேப்பேன். என்ன சொல்லுதாருன்னு கேக்க நேரம் ஏது? இத்தனை வருஷத்துல ஒரு பிரசங்கத்தை நான் முழுசாக் கேட்டது கிடையாது. ஆண்டவருக்காக அவ்வளவு உழைப்பு.

தங்கநேசமும் அப்படித்தான் இருந்தா. அதைச் சொல்லணும். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலர் அவ. ஞாயிறு பள்ளிக்கூடம் அவ பொறுப்பு. அசனத்துக்குக் காய் வெட்டுற அணிக்கு அவதான் தலைவி. அவ வாசல்ல செருப்பை விடும்போது நான் செருப்பை மாட்டிக்கிட்டு இருப்பேன். படியில வச்சு, "பெஞ்சு துடைச்சாச்சா?" "துடைச்சாச்சு. சீரியல் பல்பு வந்துட்டா?" "வந்துட்டு." அவ்வளவுதான் பேச்சு. அருமையான குடும்பம்.

அது கெட்டுப்போனது சங்கிலி ஜெபத்துல.

சங்கிலி ஜெபம்னா என்னன்னு சொல்லுதேன். அசனத்துக்கு முந்தின சனிக்கிழமை, காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கோயிலுக்குள்ள ஜெபம் நிக்கவே கூடாது. ஒருத்தர் அரை மணி நேரம் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணணும். மணி அடிச்சதும் அடுத்தவர் வந்து பக்கத்துல முழங்கால் போடுவாரு. அப்புறம்தான் முதல் ஆள் எந்திரிக்கலாம். ஒரு வளையத்துல இன்னொரு வளையம் கோத்த மாதிரி. அதான் சங்கிலி. நான் பொறுப்பு எடுத்த நாள்ல இருந்து அந்தச் சங்கிலி ஒரு தடவை கூட அறுந்தது இல்ல. பக்கத்து ஊர்ச் சபையில மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வருஷம் தவறாம அறுந்துபோகும்.

அது சும்மா வந்த பேரு இல்ல அண்ணாச்சி. அதுக்கு நான் ஒரு ஏற்பாடு வச்சிருந்தேன். அடுத்த ஆள் உக்கார கதவு பக்கம் ஒரு நாற்காலி, அதுக்கு அடுத்த ஆளுக்கு வராந்தாவுல ஒரு நாற்காலி. ஜெபம் முடிச்சு வாறவங்களுக்குக் காப்பி. முழங்கால் வலிக்காம இருக்கத் தலையணை. பேச்சு தடுமாறக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு தலைப்பும் நான்தான் குடுப்பேன். மழைக்கு ஒருத்தர், படிக்கிற பிள்ளைகளுக்கு ஒருத்தர், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு ஒருத்தர். நான் ஜெபம் பண்ணுற முறையா? நான் எப்படிப் பண்ண முடியும்? மணி அடிக்கணும்லா, காப்பி பாக்கணும்லா. ஆளுங்களை உள்ள அனுப்புற வேலை என்னுது.

இந்த வருஷம் தங்கநேசத்துக்குப் பத்து மணிக்கு முறை. தலைப்பு, கோயிலுக்குப் புது ஜெனரேட்டர். பழசு புகை தள்ளிக்கிட்டுக் கிடக்கு, போன கிறிஸ்மஸ் ஆராதனையில பாதியில நின்னு போச்சு. சுலபமான தலைப்பு. எத்தனை கே.வி.ஏ. வேணும்னு கூடச் சொல்லி அனுப்புனேன்.

பத்தரைக்கு மணி அடிச்சேன். அடுத்தது ஹெலன் டீச்சர், ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். ஒரு நிமிஷம் முந்தியும் போக மாட்டாவ, பிந்தியும் போக மாட்டாவ. போயி பக்கத்துல முழங்கால் போட்டாவ. இவ எந்திரிக்கல. ஹெலன் டீச்சர் ஒரு இருமல் இருமுனாவ. எந்திரிக்கல. சரி, ஜெனரேட்டர் பெரிய செலவு, கூடக் கொஞ்சம் நேரம் ஆகும்னு நானும் விட்டேன்.

பதினொரு மணி ஆச்சு. அடுத்த ஆள் உள்ள போனாரு. இப்ப ஹெலன் டீச்சர் எந்திரிக்கலாமா கூடாதா? இவ எந்திரிக்காம டீச்சர் முறை ஆரம்பிச்சதா இல்லையா? டீச்சருக்கே சந்தேகம். ஓரக்கண்ணால என்னைப் பாக்காவ, நான் ஐயரைப் பாக்கேன். சட்டம் தெரியாம எந்திரிக்க மாட்டேன்னு அவங்களும் இருந்துட்டாவ. பதினொன்றரைக்கு உள்ள நாலு பேரு முழங்கால்ல. பன்னிரண்டுக்கு அஞ்சு. வெளிய வந்து காப்பி குடிக்க ஒரு ஆளு இல்ல. டிரம்முல காப்பி ஆறிக் கிடக்கு. உள்ள போறதுக்கு ஆள் இருக்கு, வெளிய வர ஆள் இல்ல. அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க, அது ஜெபமா, டிராபிக் ஜாமா?

நான் உள்ள போயிக் குனிஞ்சு அவ காதுல சொன்னேன். "நேசம், நேரம் ஆயிட்டு."

கண்ணைத் திறக்கல. "இன்னும் முடியல"ன்னா.

"ஒரு ஜெனரேட்டருக்கு இவ்வளவு நேரமா?"

முகத்துல ஒரு சிரிப்பு. என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இல்ல. வேற யாரோ ஏதோ சொல்லி, அதைக் கேட்டுச் சிரிச்ச சிரிப்பு. எனக்கு அது புடிக்கல.

வராந்தாவுல அவசரக் கமிட்டி போட்டேன். ஜெபம் பண்ணுற ஆளை எழுப்பலாமா கூடாதா, அதான் விஷயம். ஐயர் கையை விரிச்சிட்டாரு. "பொன்சிங், தூங்குறவங்களை எழுப்பச் சொல்லி வேதத்துல இருக்கு. ஜெபம் பண்ணுறவங்களை எழுப்பச் சொல்லி நான் எங்கயும் வாசிக்கல"ன்னாரு. படிச்ச மனுசன் பேசுற பேச்சா அது? ஒருத்தர் ஃபேனை நிறுத்துவோம்னாரு. நிறுத்துனோம். வேர்வையில உள்ள இருந்தவங்க சேலை எல்லாம் நனைஞ்சு போச்சு, இவ அசையல. மைக்குல, "தங்கநேசம் அம்மா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகக் கோயில் அலுவலகத்துக்கு வரவும்"னு மூணு தரம் அறிவிச்சேன். எங்க இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். அவ மட்டும் வரல.

அப்பத்தான் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டேன். கோயில்பிள்ளைன்னா கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிறவரு, மாசிலாமணின்னு பேரு. "மேல ஏறிப் பெரிய மணியை அடியும். சும்மா கடகடன்னு அடிக்காதியும், அவ காதுல ஏறாது. ஒண்ணு அடிச்சு, நிறுத்தி, சத்தம் அடங்கினதும் அடுத்தது அடியும்"னேன்.

அவரு என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. "செயலரே, அப்படியா அடிக்கச் சொல்லுதிய?"

"சொன்னதைச் செய்யும்."

அவரும் சொன்னதைச் செஞ்சாரு. அண்ணாச்சி, எங்க ஊர்ல ஆராதனைக்கு அடிக்கிற மணி வேற, துட்டி மணி வேற. யாராவது செத்துப்போனா, ஒண்ணு அடிச்சு, நிறுத்தி, சத்தம் அடங்கினதும் அடுத்தது அடிப்பாங்க. எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல இருந்த டென்ஷன்ல தோணல. நாலாவது மணி விழும்போது டீக்கடை பால்பாண்டி ஷட்டரை இறக்கிட்டான். ஆறாவது மணிக்கு ரைஸ்மில்லு நின்னுது. பொம்பளைங்க முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, "யாரு போனா, யாரு போனா"ன்னு கோயிலைப் பாத்து ஓடி வாராங்க. வந்து எட்டிப் பாத்தா, நடுவுல தங்கநேசம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கா, சுத்தி ஆறேழு பேரு முழங்கால்ல இருக்காங்க. என்ன நினைப்பாங்க? நான் வராந்தாவுல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கேன். சம்சாரத்தைப் பறிகொடுத்தவன் நிக்க மாதிரியே இருந்திருக்கு. நாலு பேரு வந்து என் கையைப் பிடிச்சு, "தைரியமா இருங்க, அவ குடுத்து வச்சவ, ஜெபத்துலயே போயிருக்கா"ன்னாங்க. நான், "இல்ல, இல்ல"ங்கேன். "அப்படித்தான் இருக்கும், நம்ப முடியாது"ங்காங்க.

என் தங்கச்சி ரூத்து இருக்காளே, அவ யாரையும் ஒண்ணும் கேக்கல. நேரா உள்ள ஓடி, "மதினி, என்னை விட்டுட்டுப் போயிட்டியளே"ன்னு இவளைக் கட்டிப் புடிச்சு அழ ஆரம்பிச்சிட்டா. தங்கநேசம் கண்ணை மூடுனபடியே கையைத் தூக்கி ரூத்து தலையை மெல்லத் தடவிக் குடுத்தா. செத்தவ கை எந்திரிச்சுத் தலையைத் தடவுனா யாரு தாங்குவா? ரூத்து அப்படியே சாஞ்சுட்டா. தண்ணி தெளிச்சு எழுப்புனாங்க. எழும்புனவளும் வெளிய வரல. மதினி பக்கத்துலயே முழங்கால் போட்டுட்டா.

வந்த கூட்டத்துக்கு என்ன செய்யன்னு தெரியல. துட்டியும் இல்ல, திரும்பிப் போகவும் மனசு இல்ல. துட்டிக்குப் பாட்டு எடுக்க வந்தவங்க பாட்டை நிறுத்திட்டு ஒவ்வொருத்தரா முழங்கால் போட்டாங்க. ஐயரும் போட்டாரு, அங்கியைக் கூடச் சரி பண்ணாம, கடைசி பெஞ்சு பக்கத்துல, ஜனத்தோட ஜனமா. மாசிலாமணி மணிக்கயித்தை விட்டுட்டு இறங்கி வந்து அவரும் போட்டாரு. பாத்துக்கோங்க, ஊர் முழுக்க உள்ள, நான் ஒருத்தன் வெளிய. கூடவே அந்தக் காப்பி டிரம்மு. யாராவது ஒருத்தர் வெளிய இருக்கணும்லா? செருப்பு பூரா வெளிய கெடந்துது.

ஆறு மணிக்கு அவளே எந்திரிச்சா. கூட்டத்தைப் பாத்தா. "எல்லாரும் வந்துட்டீங்களே"ன்னு சந்தோசப்பட்டா. அவ்வளவுதான் சொன்னா. காலு மரத்துப் போயி நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனா.

நான் ஐயர்ட்ட நேராவே கேட்டேன். "ஐயா, சங்கிலி அறுந்துட்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க." அவருக்குக் கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. "அறுகல பொன்சிங். எல்லாம் ஒரே வளையமாயிட்டு"ன்னாரு. ஒரே வளையத்துக்குச் சங்கிலின்னு பேரா அண்ணாச்சி? அதுக்குப் பேரு வளையல்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன், மறைக்கல. "ஏட்டி, என்ன பண்ணுன உள்ள?"

"ஜெபம் பண்ணுனேங்க."

"ஜெனரேட்டருக்கா?"

அவ நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "ஐயையோ, அதை மறந்தே போயிட்டேன்."

"அப்ப எதுக்குத்தான் ஜெபம் பண்ணுன?"

"எதுக்கும் இல்ல. மொதல்ல ஜெனரேட்டர்னுதான் ஆரம்பிச்சேன். ஆண்டவரே ஒரு ஜெனரேட்டர் வேணும்னு சொன்னதும், எனக்கே வெக்கமாப் போச்சு. எத்தனை வருஷமா அவர் வீட்டுல வேலை பாக்கோம், ஒரு நாளு உக்காந்து அவர்ட்டப் பேசலையேன்னு தோணுச்சு. அப்புறம் பேசிக்கிட்டே இருந்தேன். அப்புறம் பேச்சும் நின்னு போச்சு. சும்மா அவர்கூட இருந்தேன்."

"யாரு கூட?"ன்னு கேட்டேன். கேட்டப்புறம்தான் எனக்கே ஒரு மாதிரி இருந்துது. அவ சோத்தைப் போட்டா.

அதோட விட்டிருந்தா நான் இன்னைக்கு இந்தப் பஸ்ஸுல ஏன் ஏறப்போறேன்? மறுநாளே பெண்கள் சங்கத்துச் செயலர் வேலையை விட்டுட்டா. காய் வெட்டுற தலைவி பதவி போச்சு. ஞாயிறு பள்ளிக்கூடம் மட்டும் வச்சுக்கிட்டா, அதுலயும் பரிச்சையை எடுத்துட்டா. "பிள்ளைங்களுக்குக் கதை சொல்லுதேன், போதும்"ங்கா. மத்தியானம் பாத்திரம் கழுவிட்டுக் கோயிலுக்குப் போறா, பொழுது சாயத்தான் வாறா. அங்க கூட்டுறாளா, துடைக்கிறாளா, ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கா. இப்ப ஹெலன் டீச்சரும் போறாவ. ரூத்து போறா. ஐயர் போறாரு, அதான் எனக்குத் தாங்கல. அசனத்தன்னைக்குக் காய் வெட்டப் பத்து பேரு வேண்டிய இடத்துல மூணு பேரு. நானும் மாசிலாமணியும் உக்காந்து கத்திரிக்காய் நறுக்குனோம். கமிட்டி கூட்டத்துக்குப் போதுமான ஆள் வாறதில்ல. எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்க, சுவருக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டா, "ஜெபத்துல இருக்காங்க"ன்னு பதில் வருது. ஜெபத்துல இருக்கவங்களை வச்சுக்கிட்டு ஒரு சபையை எப்படி நடத்துறது?

அதனாலதான் பேராயர்ட்டப் போறேன். ஒரு ஆளு தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல ஜெபம் பண்ணக் கூடாதுன்னு அவர் ஒரு உத்தரவு போட்டா எல்லாம் சரியாயிரும். தலைப்பு இல்லாம பண்ணக் கூடாதுன்னும் சேத்துப் போடச் சொல்லணும். நியாயமான கோரிக்கைதானே?

வீட்டுலயா? வீட்டுல ஒரு குறையும் இல்ல. நேரத்துக்குச் சோறு, துவைச்ச வேட்டி. முன்னயெல்லாம் அவளுக்கு மூக்கு நுனியில கோவம் நிக்கும். இப்ப அதுவும் இல்ல. அதான் அண்ணாச்சி பிரச்சனையே. முன்ன நான் வாசல் தாண்டும்போது, "எப்ப வருவீங்க?"ன்னு கேப்பா. எரிச்சலாக் கேப்பா, முறைச்சுக்கிட்டுக் கேப்பா, ஆனா கேப்பா. நான் பதில் சொல்லாமப் போவேன். இப்பக் கேக்கறதே இல்ல. "போயிட்டு வாங்க"ங்கா, சிரிச்ச முகமா. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு எனக்குக் கால் படி இறங்க மாட்டேங்குது. தெருவுல கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாக்கேன், கேக்க மாட்டாளான்னு. உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன, எனக்குப் பயமா இருக்கு. என்னோட இத்தனை வருஷ சம்சாரம் இப்ப ஒரு எடத்துக்குப் போயிட்டு வாறா, எனக்கு அந்த எடம் எங்கன்னே தெரியல. கோயில் சாவிக்கொத்து என் இடுப்புல தொங்குது. எந்தக் கதவைத் திறக்கன்னு தெரியல.

என்ன கேக்கிய? நானா?

போனேன். ஒரு தடவை. போகலைன்னு சொல்லல.

போன வாரம், மத்தியானம். ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும், கரண்டு வீணாப் போகும், நிறுத்துவோம்னுதான் போனேன். உள்ள அவ மட்டும் இருந்தா, தரையில சம்மணம் போட்டு. நான் சுவிட்சு பக்கம் போனவன், என்னமோ, அவ பக்கம் போயி முழங்கால் போட்டேன். கண்ணை மூடுனேன். சரி, ஆரம்பிப்போம்னு வாயைத் திறந்தா, அண்ணாச்சி, என் வாயில என்ன வந்துது தெரியுமா? "சபைக் கமிட்டியின் சார்பில் ஆண்டவராகிய தங்களை வருக வருக என வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அவர் வீட்டுக்குள்ள போயி அவரையே நான் வரவேக்கேன். மாத்திச் சொல்லுவோம்னு பாத்தேன். "தங்களது பல்வேறு பணிகளுக்கிடையே" வந்துது. அடுத்து நன்றியுரை வந்துது. ஒலி ஒளி அமைச்சுக் குடுத்தவங்களுக்கு நன்றி, பந்தலுக்கு நன்றி. அப்புறம் அறிவிப்பு. மேய்ப்பரே, கர்த்தரேன்னு எத்தனை தடவை நோட்டீஸுல அச்சடிச்சுருக்கேன், ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. எல்லாம் தீந்து போயி, வாயில ஒண்ணும் இல்ல. ஒரே அமைதி. எனக்கு அமைதின்னா ஆகாது. மைக்குல சத்தம் வரலைன்னா நான்தானே ஓடணும்.

அப்ப பக்கத்துல ஒரு சின்ன அசைவு. ஓரக்கண்ணால பாத்தேன். தங்கநேசம் கண்ணைத் திறக்கல. என்னை ஒரு வார்த்தை கேக்கல. சேலையை ஒதுக்கிக்கிட்டு ஒரு ஆள் உக்காருற அளவு தள்ளி உக்காந்தா. எனக்கு இடம் விட்டா.

நான் எந்திரிச்சுட்டேன். தண்ணி மோட்டாரை ஓடவிட்டுட்டு வந்துட்டேன்னு தோணுச்சு. போயிப் பாத்தேன். மோட்டார் ஓடல. அங்கயே மோட்டார் ரூம்ல ரொம்ப நேரம் நின்னேன். எனக்கு அழுகை வந்துது, ஏன்னு தெரியல. சும்மா நிக்கக் கூடாதேன்னு ஒரு வாஷரைக் கழட்டி மாட்டுனேன்.

மறுநாள் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அவ அதே மாதிரி தள்ளித்தான் உக்காந்திருந்தா. அதுக்கு மறுநாளும். அவளைச் சுத்திக் கோயில் பூரா இடம் காலியாக் கெடக்கு, நடுவுல உக்காரலாம். உக்கார மாட்டேங்கா. பக்கத்துல ஒரு ஆள் இடத்தை விட்டுட்டுத்தான் உக்காருதா. ஹெலன் டீச்சர் வந்தாலும் அந்தப் பக்கம் உக்காரச் சொல்லுதா. அது எனக்குன்னு அவ சொல்லல. நானும் கேக்கல. பேராயர் உத்தரவு போட்டா அவ எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவா. வந்துருவாதானே? அப்ப அந்த இடமும் போயிரும்.

கண்டக்டர் என்னைத்தான் கூப்பிடுதாரு. பேராயர் ஆபீஸுக்கு இங்கதான் இறங்கணும். போகட்டும் தம்பி, நீங்க விசில் குடுங்க, நான் பஸ் ஸ்டாண்டுல இறங்கிக்கிடுதேன். அங்க இருந்து ஊருக்கு வண்டி உண்டுலா.

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? எங்க ஆளுங்கட்டக் கேக்க முடியாது, செயலரே இப்படிக் கேக்காருன்னு ஆயிரும். நீங்க உங்க கோயிலுக்குப் போனா, சாமி முன்னால நின்னதும் மொதல்ல என்ன சொல்லுவீங்க?

ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா? சும்மா நிப்பீங்களா?

அவளும் அதையேதான் சொல்லுதா. சரி, சும்மா நிக்கதுன்னே வச்சுக்கிடுவோம். நிக்கும்போது கையை எங்க வச்சுக்கிடுவீங்க?